திருநாள்வழி மறைக்கல்வி: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரம்

திருநாள்வழி மறைக்கல்வி என்பது கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டின் திருநாள்களையும் புனிதர்களின் வரலாறுகளையும் கொண்டு குழந்தைகளுக்கு விசுவாசம் கற்பிக்கும் முறை. பங்குகளில் ஞாயிறுதோறும் நடக்கும் மறைக்கல்வி வகுப்புக்குப் பாடநூல், மனப்பாடம், ஆண்டுத் தேர்வு எல்லாம் உண்டு. மூத்தவர்கள் அதை ஞானோபதேசம் என்பார்கள். திருநாள்வழிக் கல்விக்கு நாட்காட்டியே பாடநூல். வகுப்புதான் சோறு, திருநாள் ஊறுகாய் என்று எண்ணுவது வழக்கம். தமிழ்நாட்டின் வரலாறும் திருவள்ளூர் மாவட்டத்தின் இன்றைய நிலையும் வேறு விதமாகச் சொல்கின்றன. குருவும் வகுப்பும் எட்டாத இடங்களில் விசுவாசத்தைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தது பெரும்பாலும் திருநாள்தான். ஆனால் திருநாளோடு அதன் கதையும் சொல்லப்பட்டாக வேண்டும். கதை விடுபட்ட இடத்தில் மேளமும் வாணவேடிக்கையும் மட்டுமே பிள்ளையின் நினைவில் தங்கும்.

1997-இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டம் சென்னை – மயிலை உயர்மறைமாவட்டத்துக்குள் அமைகிறது. பழவேற்காட்டில் மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. அதன் தொடக்கத்தை 1515-க்கு, போர்ச்சுக்கீசியர் நாளுக்கு, கொண்டுபோகிறது மரபு. கீழச்சேரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களும் உண்டு. இன்னொரு புறம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் அதைச் சுற்றிய வாடகைக் குடியிருப்புகளும். தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், எல்லை தாண்டி வரும் தெலுங்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் குடும்பங்கள் எனப் பல நிலத்து மக்கள் கூடிய இடம் இது. வார விடுமுறை எல்லாருக்கும் ஞாயிறாக இருப்பதில்லை. அப்பா இரவு ஷிப்ட் முடித்து வரும் நேரமும் காலைத் திருப்பலி நேரமும் ஒன்றாக இருக்கும். வாடகை ஏறினால் குடும்பம் வேறு பங்கின் எல்லைக்குப் போய்விடும். வாராவாரம் தவறாமல் வரவேண்டிய வகுப்பு நிலையான வீட்டையும் ஓய்வான ஞாயிறையும் எதிர்பார்க்கிறது. டிசம்பர் 25-ஐயும் குருத்தோலை ஞாயிறையும் குடும்பம் எந்த ஊருக்குப் போனாலும் கையோடு கொண்டுபோகலாம்.

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவர் முதலில் நாடியது சிறுவர்களை. மணியடித்துத் தெருவில் பிள்ளைகளைக் கூட்டினார். சிலுவை அடையாளத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் உள்ளூராரின் உதவியால் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்து, அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் கற்றதை வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்பிக்கும்படி பிள்ளைகளையே அனுப்பினார். நோயாளிகளின் வீடுகளுக்குத் தாம் போய்ச் சேர முடியாதபோது செபம் சொல்லச் சிறுவர்களை அனுப்பியதை அவருடைய கடிதங்களே சொல்கின்றன. இந்த வரலாற்றை மனப்பாட முறையின் வெற்றியாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. அது சரியே, ஆனால் முழுமையல்ல. மனப்பாடம் செய்த வரியைப் பிள்ளை ஒரு நோயாளியின் பாயருகே நின்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லுக்கு ஓர் இடமும் ஒரு வேளையும் ஒரு கடமையும் கிடைத்தன. ஆண்டு முழுவதற்கும் இந்த மூன்றையும் தருவது திருநாள்.

சவேரியாருக்குப் பின் அந்தக் கரையில் உழைத்த அன்றிக் அடிகளாரின் அச்சுப்பணி இதைத் தெளிவாக்குகிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். செபங்களும் அடிப்படைப் போதனையும் கொண்டது. அடுத்த ஆண்டு 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற வினாவிடை நூல் வந்தது. 1586-இல் அவர் அச்சிட்ட 'பிளோஸ் சாங்தோரும்' 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆண்டவரின் திருநாள்களையும் புனிதர்களின் வரலாறுகளையும் தமிழில் சொல்லும் அந்நூலை 1967-இல் இராசமாணிக்கம் அடிகளார் 'அடியார் வரலாறு' என்ற பெயரில் பதிப்பித்தார். எழுத்து வார்ப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. அச்சில் வந்த தமிழின் முதல் தலைமுறை நூல்களில் மிகப் பெரியது புனிதர் கதைநூலாக அமைந்தது தற்செயலாக இருக்க முடியாது. குரு வராத கடலோர ஊரில் திருநாளன்று உரக்க வாசிக்க ஏதாவது வேண்டும் என்பதை அன்றிக் அடிகளார் அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். 1726-இல் வீரமாமுனிவர் தேம்பாவணியை முடித்தபோது அவர் தேர்ந்துகொண்ட தலைவனும் ஒரு புனிதரே. தச்சர் யோசேப்பு அவர் கையில் வளன் ஆனார். 3615 பாடல்களின் நாயகர் ஆனார்.

இந்த முறைக்குக் கடும் சோதனை டச்சுக்காரர் காலத்தில் வந்தது. 1610 வாக்கில் பழவேற்காட்டில் காலூன்றிய அவர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சுரூபத்தையும் புனிதர் வணக்கத்தையும் ஏற்காத சபை அவர்களுடையது. 1658-இல் தூத்துக்குடியும் அவர்கள் கைக்குப் போனது. அக்கரையின் கத்தோலிக்கரான பரதவரைத் தம் சபைக்குத் திருப்பப் பால்டேயுஸ் என்ற போதகர் முயன்றார், பலிக்கவில்லை. தூத்துக்குடியின் பனிமய மாதா திருநாள் ஆகஸ்ட் 5-இல் இன்றும் நடக்கிறது. பழவேற்காட்டில் மாதா வணக்கமும் அழியவில்லை. டச்சுக்காரர் ஆண்ட இலங்கைப் பகுதிகளில் குருக்களுக்கே தடை. மாந்தையிலிருந்து 1670-இல் சில குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக அங்குள்ள மடு மாதா திருத்தலத்தின் மரபு சொல்கிறது. 1687-இல் யோசேப்பு வாஸ் அடிகளார் மறைவாக வந்து சேரும்வரை செபமாலையும் திருநாள் நினைவும் மூப்பர்களின் வழிநடத்தலுமே அங்குள்ள பிள்ளைகளுக்குக் கிடைத்த மறைக்கல்வி. பின்னாளில் போரினால் மன்னார்ப் பகுதியை விட்டு வந்த கத்தோலிக்கருக்கு ஆகஸ்ட் 15 மடுத் திருநாள்தான். கும்மிடிப்பூண்டியிலோ புழலிலோ முகாமில் பிறந்த பிள்ளை மடுவைக் கண்டிருக்காது. தன் குடும்பத்துக்கு அப்படி ஓர் இடம் உண்டு என்பதை அந்தத் தேதியே அதற்குச் சொல்கிறது.

திருநாள் எப்படிக் கற்பிக்கிறது என்பதற்குக் குருத்தோலை ஒன்றே போதும். தவக்காலத்தின் கடைசி ஞாயிறன்று பிள்ளையின் கையில் இளமஞ்சள் நிறத்தில் ஓர் ஓலை வருகிறது. பவனியில் அதை ஆட்டிக்கொண்டு போகும் பிள்ளை, ஆலயத்தில் உட்கார்ந்ததும் ஈர்க்கைக் கிழித்து, மடித்துச் செருகி, சிலுவை பின்னத் தொடங்கும்; தெரியாத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை காட்டிக்கொடுக்கும். வீட்டில் அந்தச் சிலுவை மாதா படத்தின் பின்னால் செருகப்படுகிறது. மாதங்கள் போகப்போகப் பச்சை வாசம் போய்ப் பழுப்பேறுகிறது. அடுத்த தவக்காலம் நெருங்கும்போது அந்த ஓலைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள். எரித்த சாம்பல் சாம்பல் புதனன்று அதே பிள்ளையின் நெற்றியில் வந்து சேர்கிறது. ஓசான்னா என்று ஆர்ப்பரித்த ஊர் ஐந்து நாளில் சிலுவையில் அறையச் சொன்னது, நம் ஆர்ப்பரிப்பும் அப்படிப்பட்டதுதான் என்ற கடினமான போதனையை ஓர் ஓலை ஓராண்டு எடுத்துக்கொண்டு சொல்லிவிடுகிறது. எட்டு வயதில் இது முழுதாக விளங்காது. ஓலை எங்கே போனது என்ற கேள்வி மட்டும் விளங்கும். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாராவது பதில் சொன்னால் அதுவே வகுப்பு.

இம்முறைக்கு எழும் முதல் மறுப்பு, இதில் ஒழுங்கு இல்லை என்பது. திருநாள்கள் துண்டு துண்டானவை, போதனை வரிசையாகப் போகவேண்டும் என்கிறார்கள். விசுவாசப் பிரமாணத்தையும் நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கன்னிமரியிடம் பிறந்தார்: கிறிஸ்துமஸ். பாடுபட்டு இறந்தார்: பெரிய வெள்ளி. உயிர்த்தெழுந்தார்: பாஸ்கா. பரமண்டலத்துக்கு எழுந்தருளியது விண்ணேற்றத் திருநாள். பரிசுத்த ஆவி, பெந்தெகோஸ்து. புனிதர்களின் சமூக உறவு நவம்பர் 1, இறந்தோரின் உயிர்ப்பை நம்பிக் காத்திருப்பது நவம்பர் 2. பிரமாணத்தின் பெரும்பகுதி ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே வரிசையில் நடந்து முடிகிறது. பத்துக் கற்பனைகளையும் திருவருட்சாதனங்களையும் நாட்காட்டி இப்படி வரிசையாகத் தருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு வகுப்பு தேவை. புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு உட்கார்ந்து கற்பிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது: புனிதர்கள் கிறிஸ்துவை மறைத்துவிடுகிறார்கள். இது புறத்தார் மட்டும் சொல்வதல்ல. திருச்சபைக்கே அந்தக் கவலை உண்டு. 1963 டிசம்பர் 4-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, புனிதர் விழாக்கள் மீட்பின் மறைபொருள்களைக் கொண்டாடும் விழாக்களை மிஞ்சலாகாது என்று வகுத்தது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கும் பெசன்ட் நகருக்கும் காவி உடுத்து நடக்கும் கூட்டத்தில் ஒரு பங்கு பாஸ்கா திருவிழிப்புக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று எண்ணாத பங்குத்தந்தை இருக்க மாட்டார். இதற்கு மாதா திருநாளைக் குறைப்பது மருந்தாகாது. செப்டம்பர் 8 யாருடைய தாயின் பிறந்தநாள் என்று நடைப்பயணத்தில் வரும் பிள்ளைக்குச் சொல்லவேண்டும். சுரூபத்தின் கையில் இருக்கும் குழந்தையைக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. பதுவை அந்தோணியார் கையிலும் அதே குழந்தைதான்.

புனிதர் கதைகளில் கட்டுக்கதை கலந்திருக்கிறது, வளர்ந்த பிள்ளை அதைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் சேர்த்து உதறிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் நியாயமானது. பொல்லாண்டியர் எனப்படும் இயேசு சபை அறிஞர்கள் 1643 முதல் புனிதர் வரலாறுகளை ஆவணத்தோடு ஒப்பிட்டு வெளியிட்டு வருகிறார்கள். 1969-இல் திருச்சபை நாட்காட்டியையே திருத்தியமைத்தது. ஜார்ஜியாரின் பறவைநாகத்தைக் கதை என்றே சொல்லி, அதன் பொருளையும் சொல்லலாம். தமிழ்நாட்டுக்கோ ஆவணமுள்ள புனிதர்களுக்குப் பஞ்சமில்லை. சவேரியாரின் கடிதங்கள் இருக்கின்றன. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-இல் வெட்டுண்ட அருளானந்தர் சிறையில் மையில்லாமல் கரிகொண்டு கடிதம் எழுதினார். கரித்துண்டால் எழுதிய மனிதரைப் பிள்ளை மறக்காது. அந்த வரலாற்றை வளர்ந்தபின் மறுதலிக்கவும் வேண்டியிராது.

எல்லாவற்றிலும் வலிய மறுப்பு, நம் ஊர்த் திருநாள்கள் சாதியைக் கற்பிக்கின்றன என்பது. இதை மழுப்பக் கூடாது. தேர் எந்தத் தெருவில் நுழைகிறது, எந்தத் தெருமுனையில் திரும்பிக்கொள்கிறது என்பதைப் பிள்ளை மறையுரையைவிடக் கவனமாகப் படிக்கும். தேர்ப்பாதையும் திருநாள் வரியும் கல்லறையும் சண்டைக்கிடமான ஊர்கள் தமிழகத்தில் உண்டு. இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட நேர்ந்ததே நிலைமையைச் சொல்லும். இந்த மறுப்பு திருநாளின் ஆற்றலுக்கும் சான்றாகிறது: தீமையை இவ்வளவு ஆழமாகக் கற்பிக்க முடிந்தால் நன்மையையும் கற்பிக்க முடியும். நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாகப் பழகினார். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்படுவதற்கு முன்பே அவர் பெயரிலிருந்து சாதிப்பெயர் நீக்கப்பட்டது. அந்தப் பெயர் ஏன் நீங்கியது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க ஐந்து நிமிடம் போதும். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு வாழ்ந்த, வேலைக்குப் போன மனிதர். அவர் நாளும் பொங்கலை ஒட்டியே வருகிறது. 16-இல் யோசேப்பு வாஸ், 17-இல் கால்நடைகளின் காவலர் வனத்து அந்தோணியார். பள்ளி விடுமுறையில் வீடு நிறைந்திருக்கும் அந்த வாரத்தைப்போல் கதை சொல்ல வசதியான வாரம் வேறில்லை.

தொழிற்பேட்டைக்கென்றே அமைந்ததுபோல் ஒரு நாள் மே 1. சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடினார். 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் அதே நாளைத் தொழிலாளரான யோசேப்பின் திருநாளாக அறிவித்தார். ஆலை விடுமுறை, பள்ளியும் விடுமுறை. ஞாயிறன்று வீட்டில் இருக்க முடியாத அப்பா அன்று இருப்பார். யோசேப்பின் சுரூபத்தில் இழைப்புளியும் இரம்பமும் காண்கிற பிள்ளைக்கு, தன் அப்பாவின் எண்ணெய்க்கறை படிந்த சீருடையையும் கடவுளின் மகன் வளர்ந்த பட்டறையையும் சேர்த்துப் பார்க்கக் கற்பித்தால், நாசரேத்து எட்டாத தூரத்து ஊராகத் தோன்றாது. ஆயினும் பல இடங்களில் பத்து நாள் பாதுகாவலர் திருநாளுக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட இந்த நாளுக்குக் கிடைப்பதில்லை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இது பெரிய இழப்பு.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள், இங்கே வேறொரு கேள்வியை எழுப்புகிறது. பழைய ஊர்களில் அன்று கல்லறையைக் கழுவி, பூத் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, மந்திரிக்கச் சொல்வார்கள். பிள்ளை பாட்டனின் பெயரைக் கல்லில் எழுத்துக்கூட்டி வாசிக்கும். வாடகை வீட்டுப் பிள்ளைக்கு இங்கே கல்லறை இல்லை. அது தூத்துக்குடியிலோ ஜார்க்கண்டின் சிம்டேகாவிலோ இருக்கும், முகாம் பிள்ளைக்குக் கடலுக்கு அப்பால். ஆனால் நவம்பர் மாதத் திருப்பலிகளுக்கு இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்தத் தாளைப் பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லலாம். அம்மா சொல்லச் சொல்ல, தான் பார்த்திராத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதும்போது, இவர் யார், எப்படி இறந்தார், எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று பிள்ளை கேட்கும்.