இலவசமாக ஒரு மணி நேரம்

கிழிந்த குடை, பொம்மை, கத்தரிக்கோல், பறவைக் கூண்டு... குப்பையாகக் கொட்டிக் கிடக்கும் சாமான்களுக்குள் பட்டியலில் உள்ளதைத் தேட வேண்டும். இதற்கு எதற்கய்யா கம்ப்யூட்டர், நம் வீட்டுப் பரண் போதாதா என்கிறீர்களா?

'பிக் ஃபிஷ் கேம்ஸ்' கம்பெனி அப்படி நினைக்கவில்லை. 2002-ல் சியாட்டில் நகரத்தில் பால் தெலன் ஆரம்பித்தது. 2005-ல் அது வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' செம ஹிட். அடுத்த வருடமே 'ரேவன்ஹர்ஸ்ட்'. இங்கிலாந்தில் ஓர் இருண்ட மாளிகை. சாமான்களைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, எம்மா என்ற பெண்ணின் டைரி துண்டு துண்டாகச் சேரும். படித்தால் முதுகு சில்லிடும்!

சுட்டுத் தள்ளும் பையன்கள்தான் வாடிக்கையாளர்கள் என்று கேம் உலகம் நம்பிய காலம் அது. இதை ஆடியவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதுப் பெண்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். மர்மம் பாதியில் நிற்கும்போது நேரம் முடியும். பர்ஸ் தானாகத் திறக்கும். ஆனால், ஒரே ஒரு தடவைதான்.

பிற்பாடு அதே கம்பெனி 'கேசினோ' ஆப்பில் இறங்கியது. ஆட்டம் இலவசம், சிப்ஸ் தீர்ந்துபோனால் நிஜக் காசு. ஜெயித்தாலோ ஒரு பைசா திரும்பாது. 2014-ல் கம்பெனியை 'சர்ச்சில் டவுன்ஸ்' என்ற குதிரைப் பந்தய நிறுவனம் வாங்கியது. வழக்கு வந்தது. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி அந்தச் சிப்ஸும் மதிப்புள்ள பொருளே என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2020-ல் சமரசம்: 15.5 கோடி டாலர்!

விலையைச் சொல்லி விற்றவரை அது வியாபாரம். விலையை ஒளித்து வைத்த பிறகு?