மன்றத்தின் வாசலும் துறைமுகத்தின் புத்தாண்டு நாளும்

சிங்கப்பூர் வரலாற்றில் 1826ஆம் ஆண்டை மாணவர்க்கு எப்படி அறிமுகப்படுத்துகிறோம்? பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் கிழக்கிந்தியக் கம்பெனி நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவந்த ஆண்டு என்கிறோம். தமிழ் வகுப்பாயின் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம்: சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் சௌத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலைத் தோற்றுவித்த ஆண்டு அது. அதே ஆண்டைத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடும் மூன்றாவது நிறுவனம் ஒன்று நம் தீவில் இருக்கிறது. அது ஒரு பாய்மரப் படகு மன்றம். இன்று அதன் பெயர் சிங்கப்பூர்க் குடியரசு யாட் கிளப். பள்ளிவாசலைப் பற்றிப் பேசும் நாம் இம்மன்றத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். அந்த எண்ணத்தைச் சற்றே ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

'யாட்' என்னும் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் 'யாக்ட்' என்றால் வேட்டை. கடலில் எதிரியையும் கொள்ளையரையும் விரட்டிப் பிடிக்கும் விரைவுப் படகுக்கு இட்ட பெயர், காலப்போக்கில் செல்வர் பொழுதுபோக்குக்காகச் செலுத்தும் படகுக்கு ஆகிவிட்டது. சரக்கேற்றாமல், மீன் பிடிக்காமல், கூலிக்கு ஆளேற்றாமல் வெறும் மகிழ்ச்சிக்காகக் கடலில் போவது என்பது கடலால் வயிறு வளர்ப்பவனுக்கு விளங்காத செயல். ஆயினும் வணிகரும் கம்பெனி அதிகாரிகளும் புதிதாகக் குடியேறிய ஒரு துறைமுகத்தில் அது விரைவில் வேரூன்றியது. மாலையில் காற்று வாங்கவும், செய்தி பரிமாறவும், தம்முள் யார் வல்லவர் என்று பார்க்கவும் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

குடியேற்றக் காலச் சிங்கப்பூரில் மன்றம் என்பது வேலி போட்ட ஓர் உலகம். கிரிக்கெட் மன்றம் 1852இல் தோன்றிற்று, அது ஐரோப்பியருடையது. யுரேசியர் 1883இல் பொழுதுபோக்கு மன்றம் ஒன்றைத் தொடங்கினர். நீரிணைச் சீனர் 1885இல் தமக்கென ஒன்று கண்டனர். இந்தியர் சங்கம் 1923இல் உருவாயிற்று. ஒவ்வோர் இனமும் தன் வாசலைத் தானே கட்டிக்கொண்டது. கட்டிக்கொள்ள நேர்ந்தது என்பதே இன்னும் பொருந்தும். படகு மன்றத்தின் உறுப்பினரும் பெரும்பாலும் ஐரோப்பியரே. 1920களில் அதன் பெயருக்கு முன்னால் 'ராயல்' என்ற அடைமொழியும் ஏறிற்று. டிரஃபல்கார் தெருவில் கடலோரமாக மன்றக் கட்டடம் நின்றது.

அந்த வாசல் பொருளிழந்துபோன நாள் ஒன்று ஆண்டுதோறும் இருந்தது. அது சனவரி முதல் நாள்.

புத்தாண்டு நாள் படகுப் போட்டி 1830களில் தொடங்கி, நூறாண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரின் பெருவிழாக்களுள் ஒன்றாக விளங்கியது. அந்த நாளைத் தேர்ந்ததற்கு விடுமுறை மட்டும் காரணமன்று. சனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று சீராக வீசும். ஏப்ரல் தொடங்கிப் பல மாதங்கள் விடியலுக்கு முன்னரே மேற்கிலிருந்து பாய்ந்துவரும் 'சுமத்ரா' சூறையின் அச்சம் அப்போது இல்லை. காற்றை நம்பிப் பாய் விரிக்கலாம். திசைக்கொரு காற்றுக்கு வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று பெயரிட்ட மொழி நம்முடையது. அந்நாளின் காற்றை வாடைக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்டது எனலாம்.

அக்காலத்தில் பாடாங் திடலின் விளிம்பிலேயே கடல் இருந்தது. நெரிசல் மிகுந்த கரையில் மலாய்க்காரர், சீனர், தமிழர், அரபியர், யுரேசியர், ஐரோப்பியர் அனைவரும் ஒரே நீர்ப்பரப்பை நோக்கி நின்றனர். நீரில் ஐரோப்பியரின் பாய்மரப் படகுகள் ஓடின. மலாய்க் கோலேக்குகள், சம்பான்கள், கப்பல்களின் துணைப்படகுகள் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் போட்டிகள் நடந்தன. கரையில் ஓட்டப் பந்தயமும் வழுக்குமரம் ஏறுதலும் இருந்தன. 1902இல் வெளிவந்த சார்லஸ் பர்ட்டன் பக்லியின் பழைய சிங்கப்பூர் வரலாற்று நூலில் இப்புத்தாண்டு விளையாட்டுகள் இடம்பெறுகின்றன.

இனி, போட்டியில் ஓடிய படகுகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சம்பான் பாஞ்சாங் என்பது 'நீளமான சம்பான்'. ஒடுங்கிய, எடை குறைந்த, மிகப் பெரிய பாய் தாங்கிய படகு. கடலையே வீடாகக் கொண்டு வாழ்ந்த ஓராங் லாவுட் மக்களுக்கும் இப்படகுக்கும் உள்ள உறவை ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கிப்சன் ஹில் 1952இல் ஒரு விரிவான கட்டுரையில் ஆராய்ந்தார். ஐரோப்பியரிலும் சிலர் இவ்வகைப் படகுகளை வைத்துப் போட்டியிட்டனர். அவர்களுடைய நாட்டுப் படகை விட இது விரைந்தோடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் கோலேக் முன்னுக்கு வந்தது. உடல் சிறியது, பாய் பெரியது. காற்று பலமாக அடித்தால் கவிழாமல் இருக்க எடை வேண்டும். கல்லை ஏற்றினால் வேகம் போய்விடும். ஆகவே ஆளே எடையானான். பாய்மர உச்சியிலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு, படகின் விளிம்பில் கால் ஊன்றி, உடலைக் கடலுக்கு மேலே சாய்த்து நின்றான். காற்று தணிந்தால் உள்ளே வருவான், எழுந்தால் வெளியே சாய்வான். இங்கிலாந்தில் 1938ஆம் ஆண்டுப் போட்டி ஒன்றில் இத்தகைய உத்தியை இருவர் கையாண்டு வென்றபோது அது புதுமையாகப் பேசப்பட்டது; இன்று உலகெங்கும் 'டிரப்பீஸ்' என்று வழங்குகிறது. நம் தென்தீவுகளின் இளைஞர்க்கு அது பழக்கம். பெயர் சூட்டவேண்டிய கண்டுபிடிப்பாக அவர்கள் அதைக் கருதவில்லை.

மன்றக் கட்டடத்துக்குள் நடந்த வாழ்வையும் பார்ப்போம். மன்றத்துக்குத் தலைவர் உண்டு. அவருக்குக் கடற்படைப் பதவியைப் போலக் 'கொமடோர்' என்று பெயர். படகுகளின் அளவும் வேகமும் வேறுபடுவதால் மெதுவான படகுக்கு நேரச் சலுகை கொடுத்து முடிவு கணக்கிடுவர். முதலில் வந்தவர் தோற்றவராகவும் பின்னே வந்தவர் வென்றவராகவும் அறிவிக்கப்படும் விந்தை இதனால் நேரும். மன்ற விருந்துகளில் பாதிச் சச்சரவு இதைப் பற்றியதாகவே இருந்திருக்க வேண்டும் என்பது நம் ஊகம். பருவ முடிவில் கோப்பை வழங்கும் விருந்து, நடனம், கொடியேற்றம். இவையெல்லாம் எங்குமுள்ள மன்ற வாழ்வே ஆதலால் நாம் இங்கு நீளத் தங்கவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறிக்கலாம். இத்தகைய மன்றங்களின் வெற்றிப் பலகையில் படகின் பெயர் இருக்கும், உரிமையாளர் பெயர் இருக்கும். படகைக் கழுவி, பாயைத் தைத்து, அடிமரத்தில் பிடித்த சிப்பியைச் சுரண்டி, விடியற்காலையில் நீரில் இறக்கிவைத்தவரின் பெயர் இராது. அவரை 'போட் பாய்' என்றனர்; நரைத்த தலையர் ஆனாலும் 'பாய்'தான்.

தமிழர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். கரையில் கூட்டத்தோடு நின்றார்கள் என்று சொல்லி முடிப்பது எளிது. ஆனால் அவர்கள் கரையில் மட்டும் நின்றவர்கள் அல்லர். சிங்கப்பூர் நகரின் தொடக்க காலத்தில், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவந்த தொங்கான்களை இயக்கியவர் பெரும்பாலும் சூலியாக்கள். போட் கீயில் இறங்கிய மூட்டைகளுள் பெரும்பகுதி அவர்கள் துடுப்பில் வந்தது. தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா அன்று கடற்கரையிலேயே இருந்தது. கடலில் போவோரைக் காப்பவராக நாகூர் ஆண்டகையைப் போற்றிய மக்கள், படகிலிருந்து இறங்கியதும் வணங்கத்தக்க இடத்தில் அதைக் கட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொங்கான் தொழில் சீனர் கைக்கு மாறியது. அதன்பின் வந்த தமிழரைத் தோட்டத்திலும் சாலையிலும் துறைமுகத்திலும் உழைத்தவராகவே நம் பாடநூல்கள் நினைவுகூர்கின்றன. அது பிழையன்று, ஆனால் பாதிக் கதை. கடலைக் கடந்து வந்த கூலி என்ற படிமம் நிலைத்து, கடலில் தொழில் செய்த படகோட்டி என்ற படிமம் மறைந்தது. இந்த மறதிக்கு நாமும் உடந்தை.

மறந்ததை மொழி மறக்கவில்லை. மலாயில் கப்பலைக் 'காப்பால்' என்கிறார்கள். அது தமிழ்ச் சொல் என்பது அறிஞர் பலர் கொள்கை. அதே வேளையில், நாம் தமிழென்றே கருதும் 'மாலுமி' அரபு மொழியின் 'முஅல்லிம்'. மலாயில் அதுவே 'மாலிம்'. 'சுக்கான்' அரபு. கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நாகுதா' பாரசீகம், மலாயில் 'நக்கோடா'. ஒரே துறைமுகத்தில் ஒரே கயிற்றை இழுத்தவர்கள் சொற்களை மட்டும் தனித்தனியே வைத்துக்கொண்டிருக்க முடியுமா?

எல்லாவற்றிலும் நெடுந்தொலைவு போன சொல் கட்டுமரம். சோழமண்டலக் கரையில் கண்ட இம்மிதவையை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் குறித்தார். அவர் கண்டது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இன்று 'கேட்டமரான்' என்று வழங்குவதோ இரட்டை உடல் கொண்ட படகு. அதன் அமைப்புக்கு முன்னோடி பசிபிக் தீவினர். பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது என்று நேர்மையோடு சொல்ல வேண்டும். ஹெரஷாஃப் என்பவர் கட்டிய 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடல் படகு 1876இல் நியூயார்க்கில் மற்றவற்றை வெகுதூரம் முந்தியது. முந்திய குற்றத்துக்காகவே விதிக்குப் புறம்பானது என்று விலக்கப்பட்டது. ஆகப் படகு மன்றத்தின் வாசலில் தமிழ்ச் சொல்லும் ஒருமுறை தடுத்து நிறுத்தப்பட்டதுண்டு! பின்னாளில் உலகின் மன்றங்கள் எல்லாம் அதற்குக் கதவு திறந்தன.

இருபதாம் நூற்றாண்டின் கதையை விரைந்து சொல்லலாம். 1942 பிப்ரவரியில் நகரம் வீழ்ந்தபோது கையில் கிடைத்த படகிலேறிச் சுமத்ராவை நோக்கித் தப்பியோர் பலர்; விளையாட்டுப் படகும் அன்று உயிர்ப்படகாயிற்று. 1965இல் நாடு குடியரசான பின்னர் மன்றத்தின் பெயரில் 'ராயல்' போய்க் 'குடியரசு' வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே ஆதலால் பழைய சுருக்கப்பெயர் அப்படியே பொருந்தியது. வாசலும் மெல்லத் திறந்தது. மன்றம் டிரஃபல்கார் தெருவை விட்டுப் பாண்டான் ஆற்றங்கரைப் பக்கம் சென்று, 1999 முதல் வெஸ்ட் கோஸ்ட் கரையில் இருக்கிறது.

பெயர்ந்தது மன்றம் மட்டுமன்று. கோலேக் ஓட்டிய தென்தீவு மக்கள் 1970களிலும் அதன்பின்னும் முதன்மைத் தீவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். சூடோங் தீவு படைப்பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. செமாக்காவ் தீவில் 1999 முதல் எரிகுப்பைச் சாம்பல் கொட்டப்படுகிறது. புக்கோம் எண்ணெய் ஆலையாகி முன்பே பல்லாண்டுகள் ஆகியிருந்தன. மன்றம் இடம் மாறியபோது கோப்பைகளையும் பலகைகளையும் எடுத்துச் சென்றது. தீவினர் இடம் மாறியபோது கோலேக்கை எட்டாம் மாடிக்கு எடுத்துச் செல்ல முடியவில்லை. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தில் சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. புத்தாண்டுப் படகுகள் ஓடிய நீர்ப்பரப்பின் பெரும்பகுதி மண்ணால் நிரம்பிற்று. எஞ்சிய மரினா குடா 2008இல் அணை கட்டப்பட்டபின் நன்னீர்த் தேக்கமாயிற்று.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தெலுக் ஆயர் தெருவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது தர்காவின் வாசலில் நின்று, கடல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள். பின்னர் ஒரு சனிக்கிழமை வெஸ்ட் கோஸ்ட் கரைக்குப் போங்கள். தெற்கே புக்கோம் ஆலையின் கோபுரங்கள் தெரியும். கிழக்கே பாசிர் பாஞ்சாங், பழைய ஆற்றுப் படகுகள் போய்ச்சேர்ந்த இடம். அதற்கும் அப்பால் தெலுக் பிளாங்காவின் அடுக்குமாடிகள். தீவுகளில் பிறந்த முதியோர் சிலர் அங்கு வாழ்கின்றனர். கோலேக்கின் ஒவ்வொரு கயிற்றுக்கும் மலாயில் என்ன பெயர் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுள் எவை நம் மீனவர் சொற்களோடு ஒத்துவருகின்றன என்பதை வகுப்புக்குத் திரும்பியபின் பார்க்கலாம்.