கந்தையும் வரலாறும்: அக்கராயன் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

ஈழத்து வரலாற்றாய்வு நெடுங்காலமாகக் கல்லையும் செப்பையும் ஏட்டையுமே தலையாய சான்றுகளாகக் கொண்டு வளர்ந்துள்ளது. மன்னர் வரிசையும் போர்ச் செய்தியும் கோயிற் திருப்பணியும் இச்சான்றுகளிலே தெளிவுறத் தோன்றும் அளவிற்கு மனையகத்து உழைப்புத் தோன்றுவதில்லை. வன்னிப் பெருநிலத்தின் வரலாறு இக்குறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கிளிநொச்சிக்குத் தென்மேற்கே அமைந்த அக்கராயனை எடுத்துக்கொண்டால், அப்பெயரைத் தாங்கிய குறுநில மன்னன் ஒருவனைப் பற்றிய செவிவழிச் செய்தி உண்டு, பெருங்குளம் உண்டு, குளத்தை நம்பிய வயல்வெளி உண்டு. அவ்வயல்களை உழுதோர் மார்கழிப் பனியில் எதைப் போர்த்துக் கிடந்தனர், அவர்தம் குழந்தைகள் எதன்மேல் வளர்த்தப்பட்டனர் என்ற வினாவிற்கு விடை தரும் கல்வெட்டு எதுவும் கிடையாது. விடை துணியில் இருந்தது. துணியோ, கிழியுமட்டும் உடுக்கப்பட்டு, கிழிந்தபின் அடுக்கித் தைக்கப்பட்டு, அதுவும் நைந்தபின் அடுப்படிக்குப் பிடிதுணியாகி, ஈற்றில் மண்ணாயிற்று.

பழந்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலோடி, ஓரம் கட்டி, விரிப்பாகவோ போர்வையாகவோ தலையணை உறையாகவோ ஆக்கும் இத்தொழிலுக்குத் தமிழில் நிலைபெற்ற தனிப்பெயர் எதுவும் வழக்கில் இல்லை. ஆயினும் அதன் மூலப்பொருளுக்குப் பெயர் உண்டு. அது கந்தை. வடமொழியிற் 'கந்தா' என்பது ஒட்டுப்போட்ட ஆடையையும் துறவியர் போர்த்த கிழிசற் போர்வையையும் குறிக்கும். வங்காளத்திலே இச்சொல் 'காந்தா' எனப் போற்றப்படும் கலைப்பொருளொன்றின் பெயராக உயர்ந்தது. தமிழிலோ வறுமையின் அடையாளமாகவே நின்றுவிட்டது. சொல்லொன்றின் இவ்விரு போக்குகளும் அப்பொருளை அவ்வச் சமூகம் மதித்த வகையினையும் ஓரளவு புலப்படுத்தும்.

தைத்தற்றொழில் தமிழருக்குப் புதிதன்று. 'துன்னம்' என்பது அதன் பழம்பெயர். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகாலனை நாடிச் சென்ற பொருநனின் உடை விரித்துரைக்கப்படுகின்றது. பேனும் ஈரும் குடியிருக்க, வியர்வையில் நனைந்து, வேற்று நூல் ஊடுபுகுந்து தைக்கப்பட்ட கந்தை அது. மன்னன் அதனைக் களைந்து, பாம்பின் தோல்போன்ற நுண்ணிய ஆடையை நல்குகின்றான். உரையாசிரியர்களும் பின்வந்த ஆய்வாளர்களும் நுண்ணாடையின் சிறப்பினையே பெரிதும் பேசியுள்ளனர். ஆனால் வரலாற்று மாணவனுக்குப் பயன் தருவது களையப்பட்ட அக்கந்தையே. வேற்று நூல் புகுந்தது என்ற சிறுகுறிப்பு, நெய்த இழையும் தைத்த இழையும் வேறுபட்டமையைக் கண்ணாற் கண்ட ஒருவரின் கூற்றாகும். சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளரைப் பட்டியலிடுமிடத்துத் துன்னகாரரைக் குறிப்பிடுவதோடு, துணிக்கிழிகளால் பல்வகைப் பொருள் செய்வோரையும் அடுத்துச் சுட்டுகின்றது. கிழிசலே மூலப்பொருளாகும் தொழிலொன்று நகரத்தில் இடம்பெற்றிருந்தமை இதனாற் பெறப்படும்.

இலங்கைத் தீவைப் பொறுத்தவரை துண்டுகளை இணைத்துத் தைக்கும் மரபின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளைப் பௌத்த வினய நூல்களிற் காணலாம். மகத நாட்டு வயல்கள் வரப்புகளாற் பிரிக்கப்பட்டுக் கிடந்த தோற்றத்தைச் சுட்டிய புத்தர், அவ்வமைப்பிலேயே சீவரத்தைத் தைக்குமாறு பணிக்க, ஆனந்தர் அவ்வாறு அமைத்தார் என்பது அந்நூல்கள் தரும் செய்தி. குப்பையிற் கிடைத்த துணியும் இதற்கு ஏற்புடையதாகவே கொள்ளப்பட்டது. புறப்போர்வையான சங்காடி இரட்டை அடுக்குடையது. 'கடினம்' என்ற சொல், தைப்பதற்காகத் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தையும் குறிக்கும். ஊசிக்கூடு, விரற்கவசம், தையல் கோணாதிருக்க முன்கூட்டியே இடும் வழிநூல் ஆகியனவும் அங்கே பேசப்படுகின்றன. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வழிநூல் இட்டு, விரற்கவசம் அணிந்து தைக்கும் இம்முறை, இன்றும் உலகெங்கும் அடுக்குப் போர்வை தைப்போர் கையாளும் முறையினின்று பெரிதும் வேறுபட்டதன்று. துண்டு வைத்துத் தைத்த ஆடையின் அமைப்பு வயல் வரப்பிலிருந்து பிறந்தது என்பது வேளாண் மக்களின் வரலாற்றை ஆராய்வோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐரோப்பியர் வருகையோடு இவ்வரலாறு கடல் கடக்கின்றது. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையை நிறைத்தன. அச்சிட்டும் தீட்டியும் வண்ணமேற்றிய அத்துணியைத் தமிழர் சீட்டி என்பர். ஈழத்தில் அச்சடித்த பருத்தித் துணியைச் சீத்தை எனும் வழக்கும் உண்டு. உள்நாட்டு நெசவாளரைக் காக்கும் பொருட்டுப் பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளிலும் இத்துணிகளுக்கு எதிராகச் சட்டமியற்றின. துணி அரிதானபோது அதன் சிறுதுண்டும் பெறுமதியாயிற்று. இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையிற் பேணப்படுவதும் ஏறக்குறைய 1708ஆம் ஆண்டினதாகக் கணிக்கப்படுவதுமான போர்வை, அந்நாட்டின் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளுள் ஒன்று. அது இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. இத்துணிகளின் செந்நிறத்திற்குரிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதி மணற்றரைகளிலும் கிண்டப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சி அதனைத் தன் தனியுரிமையாக்கி வருவாய் ஈட்டியது. வேர் கிண்டியோர் பெயரும் சீட்டித் துண்டைத் தைத்தோர் பெயரும் மறைந்தன. மாளிகையின் பெயர் மட்டும் நிலைத்தது.

யாழ்ப்பாணத்தில் தையல் பாடசாலைக் கல்வியின் கூறாக இடம்பெற்றமைக்கு அமெரிக்க மிஷனரிமாரின் பங்கு பெரிது. 1816இல் இங்கு வந்தடைந்த அவர்கள் 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவினர். ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும், 1840 முதல் 1879 வரை அங்குப் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையாரும் வளர்த்த அக்கல்வியில் எழுத்தும் ஊசியும் ஒருங்கே இடம்பெற்றன. பெண்ணொருத்தி கற்பது குடும்பத்திற்கு இழுக்கு எனக் கருதிய காலத்தில், தையல் என்ற போர்வையிலே எழுத்து வீட்டினுள் நுழைந்தது எனினும் தவறாகாது. 1877 முதல் சிங்கர் நிறுவனம் இலங்கையில் வணிகம் நடத்தலாயிற்று. காலால் மிதிக்கும் பொறி படிப்படியாக நடுத்தரக் குடும்பங்களிற் சீதனப் பொருளாகவும் இடம்பிடித்தது.

ஆயின் பொறி வந்ததனால் அடுக்குத் தையலின் அடிப்படை மாறிவிடவில்லை. தொழிலின் நுட்பத்தைச் சிறிது விரித்து நோக்குதல் இங்குப் பொருந்தும். பலமுறை துவைத்து மென்மையடைந்த பருத்திச் சேலையே இதற்கு உகந்தது. புதுத்துணி பின்னர்ச் சுருங்கித் தையலைக் கோணச் செய்யும். நைந்த பகுதிகள் உள்ளடுக்கிலும் உறுதியான பகுதிகள் மேலும் கீழும் அமைதல் வேண்டும். அடுக்குகளை நிலத்தில் விரித்துச் சுருக்கம் நீக்கி, நடுவிலிருந்து புறநோக்கி நீண்ட இழைகளாற் தற்காலிக நூலோட்டம் இடுவர். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணியின் மிகுதி நடுவிலே திரண்டு புடைக்கும். பொறியில் தைப்போருக்கு இந்நூலோட்டம் இன்னும் இன்றியமையாதது. பொறியின் பல் கீழடுக்கையே இழுப்பதால் மேலடுக்குப் பின்தங்கும். அதன்பின் நெருங்கிய ஓடுதையல். இறுதியாக ஓரம் கட்டுதல். போர்வையில் முதலில் நைவது ஓரமே ஆதலின், சேலைக் கரையை நீளமாக வெட்டி, இரட்டையாக மடித்து, நாற்புறமும் பொதிந்து தைப்பர். மூலையிற் துணியைச் சாய்வாக மடியாவிடின் அது தடித்து நிற்கும். ஒருவரின் கைத்திறனை அறிய விரும்பும் மூதாட்டியர் போர்வையின் நடுவைப் பாரார்; மூலையைப் புரட்டிப் பார்ப்பர்.

வங்காளத்துக் காந்தாவும் இம்முறையினதே. சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலே அங்குச் சித்திர நூலாயிற்று. ஆயினும் அதற்கு ஆவணம் செய்வோர் வாய்த்தனர். குருசதய் தத் கிராமங்கள்தோறும் காந்தாக்களைச் சேகரித்தார். ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் அதுபற்றி விரிவான கட்டுரை வரைந்தார். கவிஞர் ஜசீமுத்தீனின் 1929ஆம் ஆண்டுக் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்வைக் காந்தாவிற் தைத்து, அதனைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லி இறக்கின்றாள். 1971ஆம் ஆண்டுப் போரின்பின், வாழ்விழந்த பெண்களின் பிழைப்பிற்காக வங்காளதேசத்தில் இத்தொழில் புத்துயிர் பெற்றது. 1978இல் தொடங்கிய ஆரோங் போன்ற விற்பனை நிலையங்கள் அதற்கு நகரச் சந்தையை ஏற்படுத்தின. தையற் பயிற்சியோடு சேகரிப்பும் ஆய்வும் சந்தையும் அங்குச் சேர்ந்து நின்றன என்பது கவனிக்கத்தக்கது.

வன்னியில் நிகழ்ந்தது வேறு. இருபதாம் நூற்றாண்டின் குடியேற்றத் திட்டங்கள் வழியே யாழ்ப்பாணத்திலிருந்தும், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களை அடுத்து மலையகத்திலிருந்தும் மக்கள் இந்நிலத்தை வந்தடைந்தனர். பன்பாய்மேற் பழஞ்சேலை மடித்து விரிப்பதும், ஏணையுள் வேட்டித் துண்டை மெத்தென இடுவதும், இலவம்பஞ்சை அடைத்துத் தலையணை தைப்பதும் இங்கு எளிய வழக்கங்கள். நெல் மூடையைக் கட்டும் சாக்கூசியும் சேலை தைக்கும் சிற்றூசியும் ஒரே பெட்டியிற் கிடந்தன. மின்வழங்கல் அற்றிருந்த போர்க்கால ஆண்டுகளில் மிதிபொறியே பயன் தந்தது. அதன் தலைப்பகுதியைத் தாங்கியினின்று கழற்றிச் சுமந்து செல்ல இயலும் என்பது, இடப்பெயர்வுகளின்போது பெருநன்மையாயிற்று.

1996இல் கிளிநொச்சி நகர் படையினர் வசமானபோது, அங்கிருந்து பெயர்ந்தோருக்கு அக்கராயனும் அதனையடுத்த கந்தபுரமும் புகலிடமாயின. யூரியா உரப்பைகளைப் பிரித்து இணைத்துத் தைத்த மறைப்புகள் அக்கால வன்னிக் கொட்டில்களிற் காணப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளின்பின், 2008இல், போர் அக்கராயனையே வந்தடைந்தது. மக்கள் கிழக்கு நோக்கி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனப் பெயர்ந்து, 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் முல்லைத்தீவின் கடலோர மணற்பரப்பிலே நெருக்கப்பட்டனர். மணலில் வெட்டிய பதுங்குகுழி தானே சரியும். அணைகட்ட மண்மூடை வேண்டும். மூடைக்குத் துணி வேண்டும். பெண்கள் தம் சேலைகளை வெட்டி மூடைகளாகத் தைத்தனர். கூறைச் சேலையும் அவற்றுள் அடங்கியது. கண்டோர் பலரும் பதிவு செய்துள்ள செய்தி இது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைக்கு மெத்தென விரிக்கப்பட்ட துணி, அக்குழந்தைக்கும் எறிகணைக்கும் இடையிலே மணல் நிரப்பி வைக்கப்பட்டது. வன்னி மனைத் தையலின் வரலாற்றில் இதனினும் கொடிய பக்கம் வேறில்லை.

மீள்குடியேற்றம் 2009இன் இறுதியிற் தொடங்கியது. வாழ்வாதார உதவி என்றதும் தையல் இயந்திரமே பலருக்கும் நினைவிற்கு வந்தது. ஒரு கிராமத்தில் பலருக்குப் பொறி கிடைத்தால் யாருக்கு யார் தைப்பது என்ற எளிய வினா எழுப்பப்படவில்லை. மாவட்டத்திற் தோன்றிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இளம்பெண்களுக்கு மாதச் சம்பளம் வழங்கின. அங்கு ஒருவர் கையால் ஓராடை முழுமை பெறுவதில்லை. கையும் கழுத்தும் தனித்தனியே நகர்ந்து செல்லும். வெட்டுத்துண்டுகளைக் கொண்டு கால்மிதியும் விரிப்பும் தைக்கலாம் என்ற யோசனை நன்றே. ஆயின் இழுபடும் பின்னற் துணி அடுக்குத் தையலுக்குப் பருத்திபோல் இணங்காது. வெட்டிய விளிம்பு சுருளும். செயற்கை இழை வியர்வையையும் உறிஞ்சாது. விரிப்பொன்றிற்குச் செலவாகும் நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற விலையைச் சந்தை தருவதும் அரிது. வங்காளதேசத்து அனுபவத்தினின்று கற்க வேண்டியவற்றுள் விலை பற்றிய பாடமே முதன்மையானது.

சேகரிப்பைப் பொறுத்தவரை காலம் கடந்துகொண்டிருக்கின்றது. இடப்பெயர்வுகளுக்கு முற்பட்ட வன்னி வீட்டு விரிப்பொன்று எஞ்சியிருப்பின் அது வியப்பே. பருத்தி மட்கும், எஞ்சியது எரிந்தது. தைக்கும் முறையை அறிந்த மூதாட்டியரிடமிருந்து சொல்லையும் செயலையும் பதிவு செய்தல் மட்டுமே இனி இயலும். மண்மூடைச் சேலைகளின் நிலை இதற்கு மாறானது. அவற்றுட் பல நைலோன், பொலியெஸ்ரர் முதலிய செயற்கை இழையால் ஆனவை. அவை எளிதில் மட்குவதில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரும், முள்ளிவாய்க்கால் மணலில் வண்ணம் கெடாத சேலைத் துண்டுகள் வெளித்தெரிந்தன.