அடெப்ட்: ரசவாதிகள் விட்டுச்சென்ற ஒரு சொல்

அடெப்ட் என்பது ஒரு துறையில் கைதேர்ந்தவரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லாகும். இன்று இது பெரும்பாலும் பெயரடையாகவே வருகிறது. பேரம் பேசுவதில், மொழி கற்பதில், கணினி நிரல் எழுதுவதில் என்று எந்தத் திறமைக்கும் இதைச் சொல்லலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் 'திறமையான' என்று ஒரே சொல்லில் பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது சாதாரணத் திறமையைக் குறிக்கவில்லை. மட்ட உலோகத்தைப் பொன்னாக்கும் இரகசியம் யாருக்குக் கிட்டியதோ அவரே அடெப்ட் எனப்பட்டார்.

சொற்பிறப்பு

இலத்தீனில் அடிபிஸ்கி என்ற வினைச்சொல்லுக்கு எட்டிப் பிடித்தல், அடைதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த அடெப்டஸ் என்பதற்கு 'அடைந்தவர்' என்று பொருள். இடைக்கால ஐரோப்பிய ரசவாதிகள் இச்சொல்லைத் தங்களுக்கென எடுத்துக்கொண்டனர். அடுப்பும் குடுவையுமாக முப்பது ஆண்டுகள் உழைத்தவரும் அவர்கள் கணக்கில் முயல்பவர்தான். 'மெய்யறிஞர் கல்' எனப்பட்ட பொருளைச் செய்து முடித்தவர் மட்டுமே அடைந்தவர். இடைப்பட்ட நிலை என்று எதுவும் இல்லை.

தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடினால் 'வல்லவர்' என்பதைவிட 'கைவரப்பெற்றவர்' என்பது நெருங்கி வருகிறது. 'சித்தர்' என்பதும் அவ்வாறே. சித்தி என்றால் கைகூடுதல். அது கைகூடியவர் சித்தர். சித்தர் மரபிலும் ரசவாதம் பேசப்படுவதைப் பார்க்கும்போது இரண்டு சொற்களும் ஒரே பாதையில் நடந்தவை போலத் தோன்றும். ஆனால் இவை தனித்தனியே தோன்றிய சொற்கள், பொருள்தான் ஒத்துப்போகிறது. உண்மையான உறவு வேறோரிடத்தில் இருக்கிறது. இலத்தீன் சொல்லின் வேரும், அடைதல் என்ற பொருளுடைய வடமொழி வேரான 'ஆப்' என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்தவை என்பது மொழியியலாளர் கருத்து. நாம் 'ஆப்த நண்பர்' என்று சொல்லும் ஆப்தன் அந்த வேரிலிருந்து பிறந்ததே.

சட்டத்துக்கு அஞ்சிய கலை

இங்கிலாந்தில் 1404ஆம் ஆண்டு, நான்காம் ஹென்றி காலத்தில், பொன்னையும் வெள்ளியையும் பெருக்கிக் காட்டும் செயல் பெருங்குற்றமாக்கப்பட்டது. கள்ள நாணயம் பெருகும் என்பதும், யாரோ ஒரு குடிமகன் அரசனைவிடச் செல்வனாகிவிடக்கூடும் என்பதும் ஆள்வோருக்குக் கவலை தரக்கூடியவை. ரசவாதிகளின் பக்கம் பார்த்தால் ஒளிவுமறைவுக்கு இதனால் இன்னொரு காரணமும் சேர்ந்தது. அடெப்ட் என்பவர் எப்போதும் முன்னால் வராதவர், பெயர் சொல்லாதவர், வேறு யாரோ சந்தித்ததாகச் சொல்லும் ஒருவர்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜார்ஜ் ஸ்டார்க்கி. பெர்முடாவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, 1650இல் லண்டன் வந்தவர் இவர். ஐரேனியஸ் ஃபிலலெதீஸ் என்ற அடெப்ட் ஒருவரின் கையெழுத்துப் படிகள் தம்மிடம் இருப்பதாகச் சொல்லி நண்பர்களிடையே பரப்பினார். 1665இல் லண்டன் கொள்ளைநோயில் அவர் இறந்த பின்னும் அந்த அடெப்டின் புகழ் வளர்ந்தது. ஐசக் நியூட்டன் அந்நூல்களை மிகக் கவனமாகப் படித்துக் குறிப்பெடுத்தார். அப்படி ஓர் அடெப்ட் இருந்ததே இல்லை, எழுதியவர் ஸ்டார்க்கிதான் என்பதை 20ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் வில்லியம் நியூமன் விரிவாக நிறுவினார். இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஸ்டார்க்கி வெறும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆய்வகத்தில் தேர்ந்தவர், ராபர்ட் பாயிலுக்கே வேதியியல் செய்முறைகளைக் கற்றுக்கொடுத்தவர். இன்றைய பொருளில் அவர் அடெப்ட்தான்; அன்றைய பொருளில் அல்லர்.

பாயிலும் உலோக மாற்றத்தை நம்பியவர். 1404ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க அவர் முயன்றார். 1689இல் அது நீக்கப்பட்டது. நீக்கிய சட்டம் ஒரு நிபந்தனையும் விதித்தது. இக்கலையால் கிடைக்கும் பொன்னும் வெள்ளியும் லண்டன் கோபுரத்திலுள்ள நாணயச் சாலைக்கே போக வேண்டும். அதே நாணயச் சாலைக்கு 1696இல் பொறுப்பாளராக வந்தவர் நியூட்டன்.

பொருள் விரிந்தது

1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோது, இச்சொல் முதலில் ரசவாதிகளுக்கு உரியதாக இருந்து பின்னர் பிற கலைஞருக்கும் விரிந்தது என்று குறித்தார். ஆகவே அப்போதே மாற்றம் நடந்துவிட்டது. பழைய பொருளின் கடைசிப் பக்கம் அதற்கும் 28 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது.

ஜேம்ஸ் பிரைஸ் செல்வந்தரான இளம் வேதியியலர். ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1782இல் கில்ட்ஃபோர்டு அருகே தம் வீட்டில் சாட்சிகளை அமர்த்தி, வெள்ளைப் பொடியால் பாதரசத்தை வெள்ளியாகவும் சிவப்புப் பொடியால் பொன்னாகவும் மாற்றிக் காட்டினார். அந்தப் பொன் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காட்டப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவப் பட்டம் அளித்தது. ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்ஸ் மட்டும் விடவில்லை. மீண்டும் செய்து காட்டுங்கள் என்றார். பொடி தீர்ந்துவிட்டது, மறுபடி செய்தால் உடல்நலம் கெடும் என்று பிரைஸ் தட்டிக்கழித்தார். நெருக்குதல் கூடியது. 1783இல் உறுப்பினர்களை வரச்சொன்னார், மூவரே வந்தனர். அவர்கள் இருக்கும்போதே நஞ்சருந்தி இறந்தார்.

அவர் பிறரை ஏமாற்றினாரா, தம்மையே ஏமாற்றிக்கொண்டாரா என்று இன்றும் பேசப்படுகிறது. அடைந்தேன் என்று சொன்னால் போதும் என்ற காலத்தின் சொல்லோடு, செய்து காட்டு என்று கேட்கும் காலத்தில் அவர் மாட்டிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்னையில் அடெப்டுகள்

இச்சொல்லின் மறைபொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1875இல் நியூயார்க்கில் தோன்றிய பிரம்மஞான சபை, 1882இல் சென்னை அடையாற்றில் இடம் வாங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார், இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்களை அடெப்டுகள் என்றே குறிப்பிட்டார். அவர்களிடமிருந்து கடிதங்கள் வருவதாகவும் கூறப்பட்டது. 1884இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் இதை மறுக்கும் கடிதங்களை வெளியிட்டது. லண்டனிலிருந்து விசாரிக்க வந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன், 1885ஆம் ஆண்டு அறிக்கையில் எல்லாம் மோசடி என்று முடிவு கூறினார். அந்த அறிக்கையே நடுநிலையற்றது என்று அதே ஆய்வுக் கழகத்தின் இதழில் 1986இல் வெர்னான் ஹாரிசன் எழுதினார்.

இன்றைய வழக்கு

பெயரடையாக வரும்போது இச்சொல்லைப் பெரும்பாலும் 'அட்' என்ற முன்னிடைச்சொல் தொடரும். 'இன்' என்பதும் வருவதுண்டு. பெயரடையில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். பெயர்ச்சொல்லாக இதை இன்று யோகம், மாயவித்தை போன்றவற்றைப் பேசும் நூல்களில்தான் அடிக்கடி காணலாம். மாணவர்கள் இதை அடாப்ட், அடாப்ட் செய்தல் என்று தகவமைதலைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஓரெழுத்து வேறுபாடுதான்; அந்தச் சொல் 'பொருந்திய' என்ற பொருளுடைய ஆப்டஸ் என்பதிலிருந்து வந்தது. திறமையற்றவரைக் குறிக்கும் இனெப்ட் என்பதும் அந்த ஆப்டஸின் எதிர்மறையே. ஆகவே அது அடெப்டின் நேர் எதிர்ச்சொல்லாகப் பிறந்தது அன்று. ஒலி ஒத்ததால் பின்னால் இணையாகிவிட்டது.