மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவர்கள்

தியாகதுருகம் பக்கம் விவசாயம் பற்றிப் பேச்சு எடுத்தால் அடுத்த பத்து நிமிடத்தில் இந்த வசனம் வந்துவிடும்: "நூறு நாள் வேலை வந்ததிலிருந்து ஜனம் சோம்பேறியாயிடுச்சு. ஏரிக்கரையில மர நிழல்ல உட்கார்ந்துட்டு கூலி வாங்கிட்டு வருதுங்க. கரும்பு வெட்ட ஆள் கிடைக்கல." இதில் மட்டும் கட்சி பேதம் கிடையாது. எல்லாக் கொடிக்காரர்களும் ஒரே குரலில் சொல்வார்கள்.

இதே வசனத்தை 1930களில் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

1929ல் பங்குச் சந்தை விழுந்தது. 1933 வாக்கில் அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935 மே மாதம் டபிள்யூ.பி.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கி, ஹாரி ஹாப்கின்ஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். சும்மா பணம் கொடுப்பதில்லை, வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது. நம்ம நூறு நாள் வேலைக்கு பெரியப்பா என்றே சொல்லலாம். 1943ல் மூடும் வரை சுமார் 85 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். ரோடு, பாலம், பள்ளிக்கூடம், பூங்கா என்று நாடு முழுக்கக் கட்டினார்கள். நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் பெரும்பகுதி இவர்கள் கட்டியதுதான்.

ஆனால் ஊர் பேசியது என்ன? மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிற ஆள்தான் டபிள்யூ.பி.ஏ.வின் அடையாளம். கேலிச்சித்திரங்களில் அவன்தான் வருவான். அந்த மூன்று எழுத்துக்கும் "நாங்கள் மெல்ல ஊர்கிறோம்" என்ற அர்த்தத்தில் விரிவு சொல்லிச் சிரித்தார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இப்படி!

இது வெறும் சிரிப்போடு நிற்கவில்லை. ஜார்ஜ் காலப் என்பவர் மக்களிடம் கருத்துக் கேட்டு எண்ணிக்கையாக வெளியிடும் வேலையை 1935 அக்டோபரில் ஆரம்பித்தார். அவர் முதன்முதலில் வெளியிட்ட கேள்வியே நிவாரணச் செலவு பற்றித்தான். 60 சதவீதம் பேர் அரசு அதிகமாகச் செலவு செய்கிறது என்றார்கள். குறைவு என்றவர்கள் 9 சதவீதம்தான். அடுத்த ஆண்டே அதே மக்கள் ரூஸ்வெல்ட்டுக்கு 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக் கொடுத்தார்கள். 1939ல் ரூஸ்வெல்ட் ஆட்சியின் பெரிய சாதனை எது என்று கேட்டபோது நிவாரண வேலை என்றார்கள். செய்ததிலேயே மோசமான காரியம் எது என்று கேட்டபோதும் முன்னால் வந்தது அதே நிவாரண வேலைதான். இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் நினைவுதான் வந்தது. இலவசத்தைத் திட்டிக்கொண்டே டோக்கன் வாங்க வரிசையில் நிற்பது நாம் மட்டும் இல்லை.

சரி, யார் ரொம்பச் சத்தமாகத் திட்டினார்கள்? இதுதான் முக்கியம். தெற்கு மாநிலங்களில் பருத்தித் தோட்டம் வைத்திருந்தவர்கள். அவர்களிடம் பருத்தி எடுக்க வந்தவர்களில் பெரும்பங்கு கறுப்பின மக்கள். கூலி அடிமட்டம். அரசு கொடுத்த கூலியும் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஊரையும் தொழிலையும் பொறுத்து மாதம் 19 டாலரிலிருந்து 94 டாலர் வரை. அந்த 19 டாலரே தோட்டக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் பல இடங்களில் டபிள்யூ.பி.ஏ. வேலையை நிறுத்தி, ஆட்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள், தோட்டக்காரர் சொன்ன கூலிக்கு. அதே 1935ல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டத்திலும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவில்லை.

அந்த ஓய்வூதியம் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. அதில் முதல் மாதாந்திரக் காசோலை வாங்கியவர் ஐடா மே புல்லர் என்ற பெண்மணி, 1940 ஜனவரியில், 22 டாலர் 54 சென்ட். அவர் கட்டியிருந்த மொத்தத் தொகை 25 டாலருக்கும் குறைவு. நூறு வயது வரை வாழ்ந்து 22,000 டாலருக்கு மேல் வாங்கினார். அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. சம்பளத்தில் பிடித்துவிட்டால் அது "என் பணம்", வெயிலில் நின்று மண் வெட்டினால் அது "இலவசம்"! இந்தக் கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை.

இந்தப் பேச்சு அமெரிக்காவில்தான் பிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். நம் பக்கம் இதற்கு இன்னும் பழைய வரலாறு இருக்கிறது. 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே சுருண்டது. பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் பாதிப்பு மிகக் கடுமை. பஞ்ச வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன கூலி கொடுப்பது என்று பார்க்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை வைஸ்ராய் லிட்டன் அனுப்பினார். இந்த டெம்பிள் 1874ல் பீகார் பஞ்சத்தின்போது வெளியிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். அதற்காக "காசை வீணடித்துவிட்டான்" என்று லண்டன் வரை திட்டு வாங்கியவர். அடிபட்ட மனுஷன் இங்கே வந்து தலைகீழாக மாறிவிட்டார். நாள் முழுக்க வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோ கூட இல்லை. இது உயிர் பிழைக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் கூலி ஏறியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது.

எங்கள் பக்கத்திலேயே இருக்கிற கல்வராயன் மலையில் இன்னொரு கதை. அங்கே ஜாகீர்தார்கள் ஆட்சி சுதந்திரத்துக்குப் பிறகும் ஓடியது. 1976ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை மலை மக்கள் ஜாகீர்தார் நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. கூலியே இல்லாத இடத்தில் "ஆள் கிடைக்கல" என்ற புகாருக்கு வேலை இல்லை பாருங்கள்.

இப்போது நம் நூறு நாள் வேலைக்கு வருவோம். 2005ல் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் சுற்றில் ஆறு மாவட்டங்கள். அதில் விழுப்புரம் ஒன்று. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ல்தான் என்பதால் தியாகதுருகமும் முதல் நாளிலிருந்தே உள்ளே. அன்றைக்குக் கூலி 80 ரூபாய். ஆணுக்கும் 80, பெண்ணுக்கும் 80. வயல் வேலையில் ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு அதில் பாதி என்று பழகிய ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். சோம்பேறி என்ற திட்டு யார் மேல் விழுந்தது என்பதும் அதிலேயே தெரிகிறது.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. உருப்படியில்லாமல் வெட்டிய குழிகளும் உண்டு, வராத ஆளுக்கு எழுதிய வருகையும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். பேர்தான் நூறு நாள். நாடு முழுக்க ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த சராசரி பல ஆண்டுகளில் 50 நாளைச் சுற்றித்தான். 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். முழுக் கூலியும் கிடைத்ததாகவே வைத்தாலும் வருஷத்துக்கு 16,800. மாதம் 1,400 ரூபாயில் ஒரு குடும்பம் எப்படிச் சோம்பேறியாக வாழும்?

நடந்தது வேறு. "இந்தக் கூலிக்கு வரமாட்டேன், ஏரி வேலை இருக்கு" என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தது. நிலம் வைத்திருப்பவர் கஷ்டமும் பொய் இல்லை. கரும்புப் பணம் ஆலையிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும்போது அவர் கூலியை எங்கிருந்து ஏற்றுவார்? ஆனால் அந்தக் கோபம் ஆலை மேலோ விலை மேலோ போகாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் கிழவி மேல் போவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாகிறது. கூடவே, விதைப்பு, அறுவடைக் காலத்தில் வருஷத்துக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலை நிறுத்தி வைக்கப்படும். எந்த 60 நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எங்கள் பக்கம் நெல் நடவு ஒரு சமயம், மக்காச்சோளம் ஒரு சமயம், மரவள்ளி ஒரு சமயம், கரும்பு வெட்டு மாதக்கணக்கில். பருத்திக் காட்டு அமெரிக்காவில் அந்த நாட்களை யார் சொல்லிக் குறித்தார்கள் என்று பார்த்துவிட்டோம். இங்கே அந்தத் தேதியைக் குறிக்கும்போது கூலிக்குப் போகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்பார்களா?