தேர்ந்தெடுத்தவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர்: இந்தியக் காவலரின் துப்பாக்கிக் கதை

பப்ஜி விளையாடும் நம் மாணவர்களிடம் ஏகேஎம்முக்கும் எஸ்எல்ஆருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப்பாருங்கள். எத்தனை தோட்டா, எவ்வளவு உதைக்கும், எந்தத் தூரத்துக்கு எது சரிவரும் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். இலக்கண வகுப்பில் வாயே திறக்காத பையன்கூடச் சொல்வான். ஆனால், விளையாட்டில் ஒரு வசதி உண்டு. துப்பாக்கியைத் தூக்குகிறவனே அதைத் தேர்ந்தெடுக்கவும் செய்கிறான். வரலாற்றில் அது அபூர்வம். இந்தியப் பாதுகாப்புப் படைகளின் கதையில் தேர்ந்தெடுத்தவர் ஓர் அலுவலகத்தில் இருந்தார். சுமந்தவர் ரயில் நிலையத்திலோ காட்டிலோ நின்றார். ஐந்தாம் படிவத்துக்கு விவாதக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இதில் நல்ல பொருள் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் 1857. துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்தும், சிப்பாய் என்ற சொல் பாரசீகத்திலிருந்தும் நம் மொழிக்கு வந்தவை. இரண்டும் சேர்ந்து வெடித்த ஆண்டு அது. கிழக்கிந்தியக் கம்பெனி புதிய என்ஃபீல்டு ரைஃபிளைக் கொண்டுவந்தது. அதன் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அதில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு படை முகாம்களில் பரவியது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே கிளர்ந்தெழுந்தார். ஏப்ரலில் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். மதம் மட்டும்தான் காரணம் என்று சுருக்கிவிட முடியாது என்பதும் தெரியும். நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். ஆயுதம் என்ற அளவில் அது முந்தையதைவிட மிக நல்ல துப்பாக்கி. தேர்வு சரி. கடிக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரசியம். பாடநூல்களில் அதிகம் வருவதில்லை. ரைஃபிள் என்றால் குழலின் உட்புறத்தில் திருகுபோல் புரி வெட்டியிருக்கும். குண்டு சுழன்றுகொண்டே போவதால் குறி தப்பாது. கலகத்துக்குப் பிறகு இந்திய வீரர்களுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி செய்தார்கள். வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்டு. உள்ளே புரி கிடையாது, வழவழவென்று வெறும் குழல்! வெள்ளைக்காரப் படைக்கு ஒரு புதிய ரகம் வந்தால், அவர்கள் கழித்த பழைய ரகம் இந்தியப் படைக்குப் போகும். எப்போதும் ஒரு படி பின்னால். எதிரியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆயுதம் இல்லை இது; சொந்தப் படைவீரனைப் பார்த்துப் பயந்து தேர்ந்தெடுத்தது.

அந்தப் பயம் காவல் துறைக்கும் இறங்கியது. வங்காளத்து இச்சாபூர் தொழிற்சாலையில் .303 ரைஃபிளை மாற்றியமைத்து .410 என்றொரு மஸ்கட் தயாரித்தார்கள். சிறைக் காவலுக்கும் கூட்டத்தைக் கலைப்பதற்கும் அது. தோட்டா அறையில் மரக்கட்டையை அடைத்துவிட்டதால் ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். அதற்கென்று தனித் தோட்டா வேறு. யாராவது துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு போனாலும் ராணுவத் தோட்டாவைப் போட்டு ஒழுங்காகச் சுட முடியாது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால், அதைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் காவல் நின்றவரின் நிலையை யோசித்துப்பாருங்கள்.

1947க்குப் பிறகு அந்தப் பயம் போயிருக்க வேண்டும். பயம் போனது, ஏற்பாடு போகவில்லை. 1962இல் சீனாவோடு போர் வந்தபோது இந்திய ராணுவத்தின் கையில் பெரும்பாலும் 'த்ரீ நாட் த்ரீ' எனப்படும் அதே .303 லீ என்ஃபீல்டுதான். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். எதிரே இருந்தவர்களிடம் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. அந்தப் பாடம் உறைத்தது. இச்சாபூரில் 7.62 மி.மீ. எஸ்எல்ஆர் தயாரிப்பு வேகம் பிடித்தது. சரி, ராணுவம் கழித்த த்ரீ நாட் த்ரீ எங்கே போனது? மாநிலக் காவல் துறைகளுக்கு. அண்ணன் சட்டை தம்பிக்கு என்பதுபோல.

தம்பிக்குச் சண்டையே இல்லை என்றால் இது சிக்கனம்தான். 1980களில் பஞ்சாபில் அந்தக் கணக்கு தப்பியது. ஆப்கானிஸ்தான் போருக்கென்று பாகிஸ்தான் வழியாகப் பாய்ந்த ஏகே-47கள் பஞ்சாபுக்கும், பிறகு காஷ்மீருக்கும் கசிந்தன. முப்பது தோட்டாக்களைச் சில நொடிகளில் கொட்டிவிடும் துப்பாக்கிக்கு எதிரே பத்துத் தோட்டா போல்ட் ரைஃபிளுடன் காவலர் நின்றார். ராணுவத்துக்கும் அப்போது சொந்தத் துப்பாக்கி தயாராகவில்லை. 5.56 மி.மீ. இன்சாஸ் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. வேறு வழியின்றி 1990களின் தொடக்கத்தில் ஏகே ரகங்களை வெளிநாடுகளிலிருந்து பெருமளவில் வாங்கினார்கள். 1990இல் காஷ்மீருக்கென்று உருவான ராஷ்ட்ரீய ரைஃபிள்ஸ் படையின் அடையாளமே அந்தத் துப்பாக்கி ஆகிவிட்டது. அவசரத்துக்கு வாங்கியதுதான்; வீரர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

இன்சாஸ் வந்தபோது அவர்கள் முகம் ஏன் சுளித்தது? அதற்கு ஒரு காரணம் உண்டு. சிறிய குண்டு, லேசான தோட்டா. ஒருவர் அதிகம் சுமக்கலாம். எதிரி காயப்பட்டால் அவனைத் தூக்க இன்னும் இருவர் தேவை, ஆக மூவர் போரிலிருந்து விலகுவர் என்றும் ஒரு கணக்குச் சொல்வார்கள். இரு நாட்டு ராணுவங்கள் மோதும் களத்துக்கு அது பொருந்தலாம். சாகத் துணிந்து ஒரு வீட்டுக்குள் பதுங்கியிருப்பவனை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? அவன் காயத்தோடும் சுடுவான். அதோடு, முதலில் வந்த இன்சாஸில் விசையை அழுத்தினால் மூன்று தோட்டாவோடு நின்றுவிடும். ஏகேபோல் தொடர்ந்து பாயாது. 1999 கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டி விரிசல் விட்டதாகப் புகார்கள் வந்தன. இன்சாஸை ஒரேயடியாக மட்டம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஒரு வேலைக்குச் செய்ததை வேறு வேலைக்குக் கொடுத்தார்கள்.

வேலையைப் பார்த்து ஆயுதம் எடுத்த படையும் இந்தியாவில் உண்டு. 1984இல் தொடங்கப்பட்ட தேசியப் பாதுகாப்புப் படை, அதாவது கறுப்புப் பூனைகள், ஜெர்மனியின் எம்பி5ஐத் தேர்ந்தெடுத்தது. அது கைத்துப்பாக்கியின் 9 மி.மீ. தோட்டாவைச் சுடும். சின்ன அறைக்குள், பணயக் கைதி அருகில் இருக்கும்போது குறி பிசகக் கூடாது. குண்டு சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும் ஆபத்தும் ரைஃபிளைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 1980இல் லண்டன் ஈரான் தூதரகத்தை மீட்ட பிரிட்டிஷ் படையிடமும் இதே எம்பி5தான் இருந்தது. திறந்த வெளியில், நீண்ட தூரத்தில் இது உதவாது. அதைத் தெரிந்தே எடுத்தார்கள். ஆனால், இந்தப் படை 2008 வரை டெல்லிக்கு அருகே மானேசரில் மட்டும் இருந்தது.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் பத்துப் பேர் புகுந்தார்கள். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் இருவர் ஏகேவால் பயணிகளைச் சுட்டபடி நடந்தார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்த காவலர்களில் பலரிடம் லத்தி. சிலரிடம் த்ரீ நாட் த்ரீ. காவலர்கள் ஏன் திருப்பிச் சுடவில்லை என்று பிறகு ஊரே கேட்டது. நியாயமான கேள்விதான். ஒரு ரயில்வே காவலர் சக காவலரின் ரைஃபிளை வாங்கிச் சுட்டார் என்பதும் பதிவில் இருக்கிறது. ஆனால், நான் கேட்க நினைப்பது வேறு. அந்த ரைஃபிளால் அவர்கள் கடைசியாக எப்போது பயிற்சி எடுத்தார்கள்? மும்பைக் காவல் துறையில் சுடும் பயிற்சிக்கே தோட்டா போதாமல் இருந்ததை, பின்னர் விசாரித்த ராம் பிரதான் குழு சுட்டிக்காட்டியது. துப்பாக்கி வாங்கினால் செய்தித்தாளில் படம் வரும். பயிற்சித் தோட்டா வாங்கினால் யார் படம் எடுப்பார்கள்?

அதே இரவு கிர்காம் சௌபாத்தி சாலைத் தடுப்பில் துணை உதவி ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, கையில் துப்பாக்கி இல்லாமல், அஜ்மல் கசாப்பின் ஏகே குழலை வெறுங்கையால் பிடித்துக்கொண்டார். குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன; பிடியை விடவில்லை. கசாப் உயிரோடு சிக்கினான். ஓம்ப்ளேக்கு மறைவுக்குப் பிறகு அசோக சக்கர விருது கிடைத்தது. கறுப்புப் பூனைகள் மும்பைக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை ஆகிவிட்டது. 2009இல்தான் மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா நகரங்களில் அந்தப் படைக்கு நிலையங்கள் வந்தன. முதலில் வந்து நிற்பவர் எப்போதும் உள்ளூர்க் காவலர் என்பது அதற்கு முன்பும் தெரியாத செய்தி இல்லையே!

நல்ல துப்பாக்கியை அள்ளிக் கொடுத்துவிட்டால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லீங்க. 2010 ஏப்ரல் 6 அன்று தந்தேவாடா காட்டில் மாவோயிஸ்டுகளின் பொறியில் சிக்கி 76 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர். அவர்களின் நவீனத் துப்பாக்கிகளை மாவோயிஸ்டுகள் எடுத்துக்கொண்டு போனார்கள். பறிபோனால் என்ன ஆகும் என்ற அந்தப் பழைய .410 காலத்துக் கவலை வேறு உருவத்தில் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதற்கிடையே ராணுவம் இன்சாஸுக்கு மாற்றுத் தேடியது. குழலை மாற்றி இரண்டு வகைத் தோட்டாவும் சுடும் ரைஃபிள் வேண்டும் என்று 2011இல் டெண்டர் விட்டார்கள். எல்லாம் ஒரே துப்பாக்கியில் வேண்டும் என்றால் எது தேறும்? 2015இல் அந்த டெண்டர் கைவிடப்பட்டது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, ஏகேயின் தோட்டாவையே சுடும் 'திருச்சி அசால்ட் ரைஃபிளை' உள்நாட்டிலேயே செய்து காட்டியது. 2019இல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 ரைஃபிள்களுக்கு ஒப்பந்தமானது. 2021 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்துக் கோர்வாவில் ரஷ்யாவோடு சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 தயாரிக்க ஒப்பந்தம் போட்டார்கள்.

அதே உத்தரப் பிரதேசத்தின் காவல் துறை, 2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்போடுதான் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. பதிலுக்குக் காவலர்கள் கையில் வந்தவை, ராணுவம் எப்போதோ கழித்த எஸ்எல்ஆரும், கழிக்கத் தொடங்கியிருந்த இன்சாஸும்.