பார்வை போன பிறகும் சங்கு சேர்த்தவர்

ஜார்ஜ் எபர்ஹார்ட் ரம்ஃபியஸ் ஜெர்மனியில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாயாகக் கப்பலேறி, 1654-ல் கிராம்பு விளையும் அம்போன் தீவில் (இன்றைய இந்தோனேசியா) வந்து இறங்கினார். பிறகு கம்பெனியின் வணிக அதிகாரியானார். மனசு மட்டும் கணக்கேட்டில் இல்லை. கடற்கரைச் சங்கிலும் சோழியிலும் காட்டுச் செடிகளிலும் கிடந்தது. அவற்றுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையும் விடாமல் எழுதி வைத்தார். ஐரோப்பியர் பலரும் செய்யாத காரியம் அது!

1670-ல் கண்பார்வை போயிற்று. வேறொருவர் என்றால் மூட்டை கட்டியிருப்பார். இவரோ தொட்டுத் தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். 1674 பிப்ரவரி 17, சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டக் காலம். அன்றைய பூகம்பத்தில் மனைவி சூசன்னாவையும் ஒரு மகளையும் பறிகொடுத்தார். செடி சேகரிப்பில் கூடவே நின்றவள் அவள். அவள்தான் முதலில் காட்டினாள் என்று ஒரு வெள்ளை ஆர்க்கிட் மலருக்கு அவள் பெயரையே வைத்தார். தாவரவியலில் அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

சோதனை அத்தோடு விடவில்லை. ஏறக்குறைய 28 வருஷம் சேர்த்த சங்குத் தொகுப்பு 1682-ல் டஸ்கனி கோமகன் மூன்றாம் கோசிமோவிடம் போய்விட்டது. 1687 தீ விபத்தில் நூலகமும் படங்களும் எரிந்தன. திரும்ப வரைய வைத்தார். செடிகளைப் பற்றிய கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோன கப்பலை 1692-ல் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். நல்லவேளை, பத்தாவியாவில் கவர்னர் ஜெனரல் கம்பைஸ் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்.

1702-ல் அம்போனிலேயே காலமானார். சங்கு, நண்டு, கனிமங்கள் பற்றிய அவர் நூல் 1705-ல்தான் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. பின்னாளில் சங்கினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் அம்போனைப் பார்த்ததே இல்லை. பல இனங்களுக்கு அவர் மேற்கோள் காட்டியது இந்தப் புத்தகத்தின் படங்களைத்தான்.